காய்ப்பெட்டி பாக்கி

தேசம்மா காய்ப்பெட்டிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது பதினோராயிரத்து நானூற்று முப்பத்தேழு ரூபாய் அறுபது காசு. அந்த அறுபது காசு ஒரு கொத்தமல்லிக் கட்டோடு வந்து ஒட்டிக்கொண்டது. காசு என்பதை ஜனங்கள் கையால் தொட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. பெட்டிக்கு மட்டும் அது மறக்கவில்லை.

பெட்டி வருவதற்கு முன்னால் வேலங்காட்டில் காய் தின்ற கதையைச் சொன்னால்தான் இந்தக் கடன் எப்படி ஏறியது என்று விளங்கும். ஆற்றோரத்துக் குடிசைகளை இடித்து, ஆட்களையும் பாத்திரங்களையும் ஒரே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய இடம் அது. எட்டு மாடி எட்டு மாடியாக அறுபது பிளாக். பட்டணத்திலிருந்து முப்பது கிலோமீட்டர். இத்தனை ஜனம் எங்கே போய்க் காய் வாங்கும் என்று கட்டியவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மதியத்துக்கு மேல் ஒரு குட்டியானை வண்டி வரும். மற்ற ஊரெல்லாம் பொறுக்கிக் கழித்த முற்றல் வெண்டைக்காயும், விரல் வைத்தால் உள்ளே போகும் தக்காளியும் அதில் இருக்கும். விலை மட்டும் இரண்டு பங்கு. நல்ல காய்க்குப் பட்டணம் போய்வந்தால் அரை நாள் கூலி போய்விடும். ஊறுகாயையும் அப்பளத்தையும் தொட்டுக்கொண்டு சோற்றைத் தள்ளினார்கள். தேசம்மாவுக்கு வாயோரம் எந்நேரமும் புண். மருமகள் பிரமிளா தலை சீவினால் கூந்தலில் பாதி சீப்போடு வரும்.

அப்புறம் ஒரு கம்பெனிக்காரன் பிளாக்குக்கு ஒன்று என்று பெட்டி கொண்டுவந்து வைத்தான். நாலு பீரோவைச் சேர்த்து நிறுத்தின அகலம், கண்ணாடிக் கதவு, உள்ளே சில்லென்ற குளிர். விடிய ஐந்து மணிக்குத் திறக்கும். வேரில் மண் காயாத கீரை, காம்பு பச்சையாக இருக்கிற கத்தரிக்காய், உடைத்தால் சத்தம் கேட்கிற பீன்ஸ். விலை பெரிய மார்க்கெட் விலைதான். கையில் துட்டு இல்லையென்றாலும் பரவாயில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பலகையில் உள்ளங்கையை வைத்தால் போதும், கதவு திறந்துகொள்ளும். எடுத்ததைப் பெட்டி எழுதிக்கொள்ளும். இருக்கிறபோது கட்டலாம். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, வாசலில் வந்து நின்று பேசுகிற ஆள் இல்லை.

கை பதிவு செய்த அன்று ஒரு கூத்து நடந்தது. தேசம்மா இருபத்தெட்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். சிமெண்டும் சுண்ணாம்பும் அரித்து அரித்து அவள் உள்ளங்கை கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. ரேஷன் கடை மெஷினே அவள் விரலை ஒப்புக்கொள்ளாது. பதிவு செய்ய வந்த பெண் மூன்று தடவை எண்ணெய் தடவித் துடைத்து வைத்துப் பார்த்தாள். பலகை சிவப்பு விளக்கையே காட்டியது.

"அத்தே கைல ரேகையே கெடையாது மேடம். ஜோசியக்காரன் பாத்தா கடைய மூடினு ஓடிடுவான்" என்றாள் பிரமிளா.

"எனக்குக் கை வழுக்குது. உனக்கு நாக்கு வழுக்குது" என்றாள் தேசம்மா.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பதிவுப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "வீட்ல வேற யாராவது கைய வைங்கம்மா. பேரு உங்க பேராவே இருக்கட்டும்."

பிரமிளா கையை வைத்தாள். திரையில் 'தேசம்மா' என்று எழுத்து வந்தது. தன் பேரை அவ்வளவு பெரிதாகத் தேசம்மா எங்கேயும் பார்த்ததில்லை. அப்புறம் அந்தக் கூத்தை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

மகன் தண்டபாணி லாரியோடு கவிழ்ந்து போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. பிரமிளா தாய் வீட்டுக்குப் போகவில்லை. போ என்று இவளும் சொல்லவில்லை. ஏழாவது மாடியில் ஒரே அறையில் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். பிரமிளாவுக்கு ஒரு பெரிய கண்ணாடிக் கட்டிடத்தில் தரை துடைக்கிற வேலை. ஐந்தேமுக்காலுக்கு வேன் வந்துவிடும். ஐந்தரைக்குப் பெட்டியில் கை வைப்பாள், பையை நிரப்பி அத்தையிடம் கொடுப்பாள், ஓடுவாள். பெட்டியிலிருந்து கணக்குச் சீட்டு கடைசியில்தான் வரும். அதை உருவி எடுப்பது தேசம்மா.

அவளுக்குச் சீட்டு முக்கியம். ஐம்பத்திரண்டு வயதில், காலேஜ் பிள்ளைகள் மாடிப்படியில் உட்காரவைத்து நடத்திய வகுப்பில் அவள் எழுத்துக் கற்றாள். நோட்டு வாங்கக் காசில்லாததால் சீட்டின் முதுகில் எழுதிப் பழகினாள். முள்ளங்கி, அவரைக்காய், பாக்கி. மற்றவர்கள் சீட்டையும் படித்துச் சொல்வாள். அதில் புது வார்த்தை ஏதாவது இருந்தால் சீட்டையே கேட்டு வாங்கிக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் இரண்டு மாசம் கட்டட வேலை நின்றது. பிரமிளா சம்பளத்தில் வாடகைப் பாக்கியும் கரண்டும்தான் ஓடியது. கடன் ஏறியது. ஆனால் தேசம்மாவின் வாய்ப்புண் ஆறிவிட்டது. பிரமிளாவின் சீப்பில் முடி வருவது நின்றுவிட்டது. பெட்டியைக் கும்பிடாத குறை.

முதல் தள்ளுபடி ஆறாவது மாடி குணபூஷணத்துக்கு வந்தது. பெயிண்டர், எந்நேரமும் இருமுகிற ஆள். சீட்டை நீட்டி, "இன்னா போட்டுக்குதுன்னு பாரு தேசம்மா, வழக்கு கிழக்கு போட்டுட்டானா?" என்றான். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். உங்கள் நிலுவை முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. எட்டாயிரத்துச் சொச்சம். குணபூஷணம் அன்றைக்கு மாடி முழுக்க ஆளுக்கொரு லட்டு கொடுத்தான். அந்தச் சீட்டைத் தேசம்மா வாங்கிக்கொண்டாள். 'தள்ளுபடி'யில் வரும் ளகரத்தைச் சுழிக்க அவளுக்கு நாலு நாள் பிடித்தது.

பத்தொன்பதாவது நாள் குணபூஷணம் தண்ணீர் வரிசையில் குடத்தோடு சாய்ந்தான்.

பிறகு இட்லி விற்கிற நாகபூஷணி. தள்ளுபடி வந்து இருபத்திரண்டாவது நாள். பிறகு நாலாவது மாடி வாட்ச்மேன், பதினேழு நாள். மூன்று சீட்டையும் தேசம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பழக எடுத்தவள், தேதியைப் பார்த்து, சாவு நடந்த நாளை விரல்விட்டு எண்ணி, டப்பாவை மூடினாள்.

பெட்டிக்குச் சரக்கு நிரப்ப வருகிறவர் ஹயாத் பாஷா. மறுநாள் அவர் முருங்கைக்காயை அடுக்கிக்கொண்டிருக்கும்போது போய் நின்றாள்.

"பாய், ஒன்னு கேக்கணும்."

"கேளுக்கா. வெண்டைக்கா நாளைக்குத்தான்."

"தள்ளுபடி யாருக்கு வருது?"

அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. "வந்தா சந்தோசம்தானே."

"மூணு பேருக்கு வந்துச்சு. மூணு பேரும் மண்ணுக்குள்ள கீறாங்க."

ஹயாத் பாஷா கதவைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். "உன்கிட்ட பத்திரம் கேட்டானாக்கா? சம்பளச் சீட்டு கேட்டானா? ஆயிரக்கணக்குல கடன் குடுக்கறான். எத நம்பிக் குடுக்கறான்?"

"கைய நம்பி."

"கைக்குள்ள ஓடுற ரத்தத்த நம்பி. அந்தப் பலகைக்கு அடியில ஒரு வெளிச்சம் கீது. கைய வெச்சா நாடி எப்படி அடிக்குது, ரத்தத்துல இன்னா கொறையுது, எல்லாத்தையும் பாத்துக்கும். ஒரு நாள் பாத்தா ஒன்னியும் தெரியாது. எரநூறு நாள் பாத்துச்சுன்னா, இந்த ஒடம்பு இன்னும் எத்தினி நாள் ஒழச்சிக் கடன் கட்டும்னு அதுக்குக் கணக்கு வந்துடும். கட்டாதுன்னு வந்தா, வராத கடன ஏட்டுல வெச்சினு இன்னா பண்றது? அடிச்சிடும்."

"சாவறதுக்கு முன்னாடியே தெரியும்ன்ற."

"மூணு வாரம் முன்ன பின்ன."

"தெரிஞ்சும் சொல்லாதா? ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரு வார்த்த?"

"இத நான் ஆபீஸ்ல கேட்டேன்க்கா. நோயச் சொல்றதுக்கு வேற லைசென்ஸ் வேணுமாம். இவுங்க கிட்ட கீறது காய் விக்கிற லைசென்ஸ்தானாம்." அவர் காலி டிரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "தள்ளுபடி ஆனவங்களுக்கு அப்பால கணக்கே எழுதாது. எவ்ளோ எடுத்தாலும் சும்மா குடுக்கும். எழுதி இன்னா ஆவப்போவுது."

"இதத் தெரிஞ்சினே நீ தெனம் வந்து அடுக்குற."

"எனக்கும் மூணு புள்ளைங்க கீதுக்கா. என் தெரு பெட்டியில என் பாக்கி பதினெட்டாயிரம்." வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், "அந்த ஆண்டவன் புண்ணியத்துல" என்று சேர்த்துக்கொண்டார்.

தேசம்மா மறைக்கவில்லை. விடியற்காலை வரிசையில் எல்லோரிடமும் சொன்னாள். இரண்டு நாள் பிளாக் முழுக்க இதே பேச்சு. யாரோ கம்பெனிக்குப் போன் போட்டார்கள். தள்ளுபடி எங்கள் அன்பான சலுகை என்று பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல் சொன்னது. பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று ஒருவன் கத்தினான். மூன்றாம் வீட்டுச் சகாயமேரி கேட்டாள், "தொடாம எத துன்றது? குட்டியானக்காரனும் வர்றத நிறுத்திட்டான். உன் தலையத் துன்றதா?"

ஆகவே எல்லோரும் வந்தார்கள். கை வைக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் வேலங்காட்டில் ஒரு புது வழக்கம் ஏற்பட்டது. பார்த்த இடத்தில் சாப்பிட்டியா என்று கேட்பது போய், பாக்கி எவ்வளவு என்று கேட்டார்கள். தொகை பெரிதாக இருந்தால் கேட்டவர் முகம் மலரும். "ஒன்பதாயிரமா? நல்லாயிரு." கையில் துட்டு வந்தவர்கள்கூட முழுசாகக் கட்டுவதை நிறுத்தினார்கள். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குப் பெட்டியில் பாக்கி இருக்கிறதா என்று பெண் வீட்டார் சீட்டு கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பிரமிளாவும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்பாள்.

"அத்தே, பாக்கி எவ்ளோ?"

"பதினோராயிரத்து நூத்திப் பத்து."

"அப்ப எனக்கு இன்னும் ரொம்ப நாளைக்கு உன் கொழம்புதான். தலையெழுத்து."

லிப்ட் ஓடி வெகு காலமாயிற்று. ஏழு மாடி ஏறிவந்து இதைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும். "இருபத்தாறு வயசுல இப்படி எளக்கிற. உன் வயசுல நான் கல்லு சொமந்தேன்" என்று தேசம்மா திட்டுவாள்.

மாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை பிரமிளா கை வைத்து, பையை நிரப்பிக் கொடுத்துவிட்டு வேனைப் பிடிக்க ஓடினாள். சீட்டு வந்தது. தேசம்மா முதலில் தன் பேரைப் படித்தாள். அதற்குக் கீழே பழைய நிலுவை பதினோராயிரத்து நானூற்று முப்பத்தேழு ரூபாய் அறுபது காசு. அதற்குக் கீழே அவள் நாலு நாள் சுழித்துப் பழகிய வார்த்தை.

சீட்டை நாலாக மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். அன்றைக்கும் முள்ளங்கிச் சாம்பார்தான் வைத்தாள். ஐம்பத்துமூன்று வயது. அதிகம் என்று சொல்ல முடியாது, குறைவு என்றும் சொல்ல முடியாது. சிமெண்டுத் தூசியை இருபத்தெட்டு வருஷம் மூக்கால் குடித்தால் வேறென்ன நடக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பிரமிளா கேட்டபோது, "பதினோராயிரத்து நானூத்தி முப்பத்தேழு" என்றாள். சும்மா ஒரே தொகையைச் சொன்னால் இவளுக்குச் சந்தேகம் வரும். ஆகவே மறுநாளிலிருந்து அன்றன்று எடுத்த காய்க்கு விலை போட்டு, தள்ளுபடிச் சீட்டின் முதுகில் தானே கூட்டி எழுதத் தொடங்கினாள். பெட்டி கைவிட்ட கடனை அவள் கோணல் எழுத்தில் எழுதி வளர்த்தாள்.

பிளாக்கில் ஒரு சின்ன டிஸ்பென்சரி உண்டு. மூன்றாம் நாள் அங்கே போனாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, பிரஷர் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "ஒன்னுமில்லம்மா. இன்னும் இருபது வருஷம் கல்லு சுமக்கலாம்" என்று சிரித்தார். டாக்டருக்குத் தெரியாதது பெட்டிக்குத் தெரியும் என்று தேசம்மா எண்ணினாள். வந்து ஏலச்சீட்டுக்காரியிடம் மீதித் தவணையைப் பேசி முடித்தாள். காதில் கிடந்த கம்மலைக் கழற்றித் துணியில் முடிந்து அரிசி டப்பாவில் போட்டாள்.

"நீ இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோடி" என்றாள் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே.

பிரமிளா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். "மாமியார் வரன் பாக்கற வூடு இதான். மாப்ள எந்த பிளாக்கு? பாக்கி எவ்ளோ?"

"வெளையாடல."

"எங்கனா ஊருக்குப் போறியா நீ? ஒரு வாரமா திட்டறதே இல்ல. எனக்குப் பயமா கீது."

பன்னிரண்டாம் நாள் காலை பிரமிளா பாயைவிட்டு எழவில்லை. "ஒடம்பு அசதியா கீது அத்தே. வேனுக்கு அடுத்த டிரிப் வரும். இன்னிக்கி நீயே போய் எடுத்தாந்துடு."

தேசம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. முந்தானையில் கையைத் துடைத்துப் பலகையில் வைத்தாள்.

சிவப்பு விளக்கு. 'கை தெரியவில்லை. மீண்டும் வைக்கவும்.'

எச்சில் தொட்டுத் தேய்த்து மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு. இடது கையை வைத்தாள்.

"வரிசை நிக்குது பெரியம்மா" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"அதுக்கு எப்படித் தொறக்கும்?" என்றாள் சகாயமேரி. "உன் கை என்னிக்கி தேசம்மா அதுல பட்டுது? ஒரு வருசமா உன் மருமவதானே வெக்கறா. போய் அவள அனுப்பு."

தேசம்மா பலகையைப் பார்த்தாள். அதன் நடுவில் பல பேர் கை பட்டுப்பட்டு மங்கலாக ஒரு தடம் இருந்தது. எண்ணெய் தடவின பெண் ஞாபகம் வந்தாள். பேரு உங்க பேராவே இருக்கட்டும். அந்த வெளிச்சம் ஒரு நாள்கூடத் தன் நாடியைப் பார்த்ததில்லை. இருநூறு நாள், முந்நூறு நாள், விடியற்காலைதோறும் அது எண்ணியது வேறு ஒரு ரத்தத்தை. அதற்குத் தேசம்மா என்று பேர் வைத்து எண்ணியிருக்கிறது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றாள் சகாயமேரி.

தேசம்மா வரிசையை விட்டு விலகினாள். காலிப் பையோடு மாடி ஏறினாள். ஏறும்போது எண்ணினாள். பத்தொன்பது. இருபத்திரண்டு. பதினேழு. இன்றைக்குப் பன்னிரண்டு. நாலாவது மாடியில் நின்று மறுபடி எண்ணினாள். குறைந்தபட்சம் ஐந்து நாள் இருக்கிறது.

பிரமிளா எழுந்து உட்கார்ந்து கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள். தேசம்மா அவள் முன்னால் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விழுந்த குழி மாதிரி.

"எத்தினி நாளா கால் இப்படி கீது?"

"நின்னுனே வேல செஞ்சா வீங்காதா? ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது, அதான் ஒக்காந்தே தூங்கறேன். கொழம்பு ஜாஸ்தி துன்றேன்னு நெனக்கிறேன்."

"கெளம்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

"வேலைக்கு?"

"ஒரு நாள் நீ தொடைக்கலன்னா அந்தக் கண்ணாடி மாளிகை நாறிடாது. கெளம்புடி."

பிரமிளா சிரித்தாள். பிறகு காலிப் பையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "காய் எங்க?"

"தீந்துபோச்சு."

"அஞ்சே முக்காலுக்கா?" அவள் அத்தையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அத்தே. பாக்கி எவ்ளோ?"

தேசம்மா சுருக்குப்பையை அவிழ்த்து நாலாக மடித்த சீட்டை எடுத்தாள். அச்சு இருந்த பக்கத்தை உள்ளங்கையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முதுகைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"பன்னெண்டாயிரத்து அறுவத்திரண்டு ரூபா பத்து காசு."

"பன்னெண்ட தாண்டிடுச்சா." பிரமிளா மூச்சைவிட்டாள். "அப்ப சரி. நான்கூட ஒரு நிமிசம் பயந்துட்டேன். ஆஸ்பத்திரில ஊசி போட்டா அழுவ மாட்டேன், போ."

ஏழு மாடியையும் மாடிக்கு மாடி உட்கார்ந்து இறங்கினார்கள். பெட்டிக்கு முன்னால் வரிசை இன்னும் இருந்தது. சகாயமேரி முறத்தில் போடுகிற மாதிரி கீரையை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பிரமிளா, வேலைக்குப் போவலியா? பாக்கி எவ்ளோ?"

"பன்னெண்டாயிரத்துக்கு மேலக்கா" என்றாள் பிரமிளா, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி.

"நல்லாயிரு" என்றாள் சகாயமேரி. வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேரும் அதையே சொன்னார்கள்.

பழக்கத்தில் பிரமிளாவின் வலது கை பலகைப் பக்கம் நீண்டது. தேசம்மா அதைப் பாதியில் பிடித்து, தன் ரேகையில்லாத கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். மற்ற கையில் சீட்டு கசங்கியது. ஒரு பக்கத்தில் அவள் எழுதின பன்னிரண்டாயிரம். மறுபக்கத்தில், பாக்கி என்ற இடத்துக்கு நேராக, ஒரு பூஜ்யம், ஒரு புள்ளி, இரண்டு பூஜ்யம்.